விளைச்சல் வேறுபாடும் ஊரக வளர்ச்சிக் கொள்கையும்: லூதியானா, தஞ்சாவூர், ராமநாதபுரம்



1960-61இல் இந்திய அரசு ஏழு மாவட்டங்களைப் பொறுக்கி எடுத்தது. பஞ்சாபில் லூதியானா, உத்தரப் பிரதேசத்தில் அலிகார், பீகாரில் ஷாகாபாத், மத்தியப் பிரதேசத்தில் ராய்ப்பூர், ராஜஸ்தானில் பாலி, ஆந்திரத்தில் மேற்குக் கோதாவரி, சென்னை மாநிலத்தில் தஞ்சாவூர். தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் என்று அதற்குப் பெயர். ஊர்களில் ‘பேக்கேஜ் திட்டம்’ என்றே வழங்கியது. விதை, உரம், பூச்சி மருந்து, கூட்டுறவுக் கடன், பயிர் ஆலோசனை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் விவசாயியின் கையில் கொடுப்பது அதன் நோக்கம். ஃபோர்டு அறக்கட்டளை அழைத்து வந்த நிபுணர் குழு 1959இல் கொடுத்த உணவு நெருக்கடி அறிக்கைதான் அதற்கு அடிப்படை.

தேர்வுக்கு வைத்த விதிகளை இங்கே சொல்ல வேண்டும். உறுதியான நீர் இருக்க வேண்டும். வெள்ளம், மண் அரிப்பு போன்ற இடர்கள் குறைவாக இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் ஓரளவு வேரூன்றியிருக்க வேண்டும். குறுகிய காலத்தில் விளைச்சல் கூடும் வாய்ப்பு இருக்க வேண்டும். நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்ற காலம் அது. கையிலிருந்த சிறிது பணத்தை விரைவில் பலன் தரும் இடத்தில் போட்டதை நான் குறை சொல்லவில்லை. பசித்த நாட்டுக்கு அது நியாயமான முடிவு. ஆனால் அவசரத்துக்கு எடுத்த அந்த முடிவு அறுபது ஆண்டுகளாக நிரந்தரக் கொள்கையாக நீடித்தது. நீர் இருந்த இடத்துக்கு உற்பத்தித் திட்டம் போனது, நீர் இல்லாத இடத்துக்கு நிவாரணம் போனது. பிறகு இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டோம். இன்றைய உரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில், அந்த ஏழிலிருந்து மூன்று மாவட்டங்களைப் பார்ப்போம்.

லூதியானாவின் வெற்றி எல்லாருக்கும் தெரிந்தது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்து இறங்கியது. பஞ்சாபின் கோதுமை உற்பத்தி அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகியது. இதை விதையின் அற்புதமாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக எடுத்த துணிவான முடிவையும், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் உழைப்பையும் நாம் பெருமையோடு நினைக்கிறோம். நினைக்கத்தான் வேண்டும். என்றாலும் அந்த விதை விழுந்த நிலம் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகப் பண்படுத்தப்பட்டிருந்தது. நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு பஞ்சாபில் துண்டு துண்டாகக் கிடந்த நிலங்களை ஒருங்கிணைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடந்த வயல்கள் ஒரே இடத்தில் சேர்ந்தன. வயல் ஒன்றாகச் சேர்ந்ததால் ஆழ்துளைக் கிணறு போடுவதில் பொருள் இருந்தது. உழுபவர்களில் பெரும்பாலோர் நிலத்துக்கு உடைமையாளர்கள் என்பதால் போட்ட காசு தங்களுக்கே திரும்பும் என்ற உறுதியும் இருந்தது. 1962இல் லூதியானாவில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வந்தது, 1963இல் பக்ரா அணை நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. 1965இல் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. மண்டிக்குப் போகும் இணைப்புச் சாலைகள் ஊர் ஊராகப் போடப்பட்டன. விளைந்ததை அறிவித்த விலைக்கு வாங்க ஒருவர் காத்திருந்தார். இந்த வரிசையில் எந்தக் கண்ணி விடுபட்டிருந்தாலும் விதை மட்டும் தனியாக என்ன செய்திருக்கும்?

இந்திய உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. இனி அந்தக் காவிரிப் படுகைக்கு வருவோம்.

தஞ்சாவூருக்குத் தண்ணீர் இருந்தது. கல்லணையும் இருந்தது, 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் இருந்தது. 1922 முதல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே உருவாகி 1960களின் நடுவில் வெளிவந்த ஆடுதுறை 27 குறுவைக்கு ஏற்ற குறுகிய கால ரகம். படுகை முழுவதும் அது வேகமாகப் பரவியது. ஆனாலும் லூதியானாவில் கோதுமை செய்த பாய்ச்சலைத் தஞ்சாவூரில் நெல் செய்யவில்லை. காரணங்கள் இரண்டு.

முதல் காரணம் வடிகால். படுகையில் வயலிலிருந்து வயலுக்கு நீர் வழிந்து போகும். ஒருவர் தன் வயலில் மட்டும் நீரைக் கட்டவோ வடிக்கவோ முடியாது. குட்டை ரக நெல்லுக்கு நீர் அளவாக நிற்க வேண்டும், உரமிட்ட பிறகு வழிந்தோடக் கூடாது. வாய்க்கால்களுக்குச் செலவிட்ட அளவுக்கு வடிகால்களுக்கு நாம் என்றைக்குமே செலவிட்டதில்லை. ஐப்பசி கார்த்திகையில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடப்பதைக் கடைமடை விவசாயி இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது காரணம் மனிதர்கள். வயலை உழுதவர் ஒருவர், பட்டா வைத்திருந்தவர் இன்னொருவர். மிராசுதாரோ கோயிலோ மடமோ உடைமையாளர், குத்தகைதாரரும் பண்ணையாளும் உழைப்பவர்கள். 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது, 1970இல் வரம்பு முப்பது தர ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைக்கப்பட்டது. சட்டங்கள் ஒன்றும் இல்லாமல் போகவில்லை. ஆனால் பேக்கேஜ் திட்டத்தின் கடன் கூட்டுறவுச் சங்கம் வழியாக வந்தது. சங்கம் நிலத்துக்கான ஆதாரத்தைக் கேட்டது. வாய்மொழிக் குத்தகைக்கு ஆதாரம் ஏது? ஃபிரான்சின் ஃபிராங்கல் என்ற அரசியல் அறிஞர் லூதியானா, மேற்குக் கோதாவரி, தஞ்சாவூர், பாலக்காடு, பர்த்வான் என ஐந்து மாவட்டங்களை ஆராய்ந்து 1971இல் ஒரு நூல் வெளியிட்டார். பசுமைப் புரட்சியின் பொருளாதாரப் பலன்களோடு அதன் அரசியல் விலையையும் சேர்த்துக் கணக்கிட்ட நூல் அது. அந்த விலையை நாம் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருந்தோம். 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட தலித் உழைப்பாளிகளின் குடும்பத்தினர் 44 பேர் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நாட்டின் முதல் ஏழு முன்னோடி மாவட்டங்களில் ஒன்றில், திட்டம் தொடங்கி எட்டு ஆண்டு கழித்து இது நடந்தது. ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று மட்டும் கேட்கும் ஒரு மதிப்பீட்டு அறிக்கையில் இந்த இரவுக்கு இடமே இருக்காது.

ஷாகாபாத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று அது போஜ்பூர், பக்சர், ரோஹ்தாஸ், கைமூர் என நான்கு மாவட்டங்கள். 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய சோன் கால்வாய் அங்கே பாய்கிறது. பீகாரின் நெற்களஞ்சியம் என்று அந்தப் பகுதியைச் சொல்வார்கள். மண்ணும் நீரும் குறையில்லை. ஆனால் ஜமீன்தாரி முறையின் சுமை அங்கே கனமாக இருந்தது, நில ஒருங்கிணைப்பு பஞ்சாபைப் போல நடக்கவில்லை, கொள்முதலும் ஊர் வரை எட்டவில்லை. 2006இல் பீகார் தன் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தையே நீக்கிவிட்டது. அதற்குப் பதிலாக வலுவான வேறு ஏற்பாடு எதுவும் வரவில்லை. அங்கே சிறு விவசாயி நெல்லை அரசு அறிவித்த விலைக்குக் கீழே வியாபாரியிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. குறைந்த விலைக்கு விற்பவர் அடுத்த போகத்துக்கு அதிக உரம் வாங்க மாட்டார். ஒரே ஆண்டில் ஒரே திட்டம் தொடங்கிய லூதியானாவும் ஷாகாபாத்தும் இப்படித்தான் பிரிந்து போயின.

இனி, அந்தப் பட்டியலில் இடம் பெறாத ஒரு மாவட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். தஞ்சாவூருக்குத் தெற்கே உள்ள ராமநாதபுரம். தண்டனை மாற்றலுக்கான ஊர் என்று அரசு ஊழியர்கள் நெடுங்காலம் சொல்லி வந்த மாவட்டம் அது. அப்படிச் சொல்வதை நான் எப்போதும் வருத்தத்தோடுதான் கேட்டிருக்கிறேன்.

மழை அங்கே மிகக் குறைவு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 800 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெய்கிறது. மாநிலச் சராசரியிலிருந்து அது அப்படி ஒன்றும் வெகு தொலைவில் இல்லை. மழையின் அளவைவிட அது வரும் விதம்தான் சிக்கல். பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், சில வாரங்களில், சில பெரிய மழைகளில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. ஆகவே பெய்த மழையைத் தேக்கி வைத்தால்தான் வாழ்வு. அதற்காகத்தான் நம் முன்னோர் கண்மாய்களை வெட்டினார்கள். ஒன்றின் கலுங்கு வழிந்தால் அடுத்ததற்கு நீர் போகும்படி சங்கிலியாக வெட்டினார்கள். தமிழகம் முழுவதும் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உள்ளன. அவை அடர்த்தியாக உள்ள பகுதிகளில் பழைய ராமநாதபுரம் மாவட்டம் ஒன்று. மேற்கே ஓடும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணமே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேதுபதி சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு எழுந்தது. 1895இல் அதற்கான அணை கட்டி முடிந்தபோது நீரின் பெரும்பலன் மேலே உள்ள கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரைப் பகுதிக்கும் கிடைத்தது.

அந்த மாவட்டத்தின் விவசாயியைப் பாருங்கள். திருவாடானை, முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களில் ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் நிலம் காய்ந்து கிடக்கும்போதே உழுது நெல்லை விதைத்துவிடுவார். புழுதி விதைப்பு. ஐப்பசி மழையில் பயிர் எழும். கண்மாய் பெருகினால் தை வரை தாங்கும், பெருகாவிட்டால் கதிர் பிடிக்கும் வேளையில் காயும். இவருக்கு வேளாண்மை அலுவலர் ஓர் உர அளவைப் பரிந்துரைக்கிறார். இவர் அதில் பாதியைப் போடுகிறார், சில ஆண்டுகளில் போடுவதே இல்லை. அறியாமை, பழமைப் பிடிப்பு என்று அறிக்கைகள் எழுதுகின்றன. இது அறியாமை இல்லை. மழை பொய்த்தால் போட்ட உரக் காசு கடனாக நிற்கும் என்று அவருக்குத் தெரியும். செலவைக் குறைத்து, விளைச்சலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நிலத்தை இழக்காமல் காப்பாற்றிக்கொள்கிறார். அவருடைய குறைந்த விளைச்சல் அவரே தமக்குக் கட்டும் காப்பீட்டுக் கட்டணம். இதைப் புரிந்துகொள்ளாமல் அவருக்கு இன்னும் நல்ல விதை, இன்னும் கூடுதல் உரம் என்று சொல்லிக்கொண்டே போவதில் பயன் இல்லை. தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தால் உரத்தை அவரே வாங்கிப் போடுவார்.

அந்த நம்பிக்கையை ஏன் கொடுக்க முடியவில்லை? இங்கே வரலாறும் நிர்வாகமும் சேர்ந்துகொள்கின்றன.

ராமநாதபுரமும் சிவகங்கையும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜமீன்களாக நிலைநிறுத்தப்பட்டன. கண்மாய்ப் பராமரிப்பு ஜமீனின் பொறுப்பு. வரி வசூலில் இருந்த அக்கறை கரையில் இருக்கவில்லை. 1948 சட்டத்தால் ஜமீன் ஒழிந்தபோது தூர்ந்த கண்மாய்கள் அப்படியே அரசின் கைக்கு வந்தன. அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஜமீன்தாரி முறையில் இருந்த இந்திய மாவட்டங்கள் மற்ற மாவட்டங்களைவிட விளைச்சலில் பின்தங்கியிருப்பதைக் காட்டினார்கள். அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர்கள் கண்டார்கள். அந்த இடைவெளி பெரிதாக விரிந்தது 1965க்குப் பிறகுதான். அரசு விதை, உரம், பாசனம் என்று கிராமங்களுக்குள் பெருமளவில் நுழைந்த அதே காலம். பழைய வேறுபாட்டைக் குறைக்க வேண்டிய அரசின் கையே, எட்டிய இடத்துக்கு மட்டும் எட்டி, அதைப் பெருக்கியது. தஞ்சாவூர் ரயத்துவாரிப் பகுதி என்பதால் அங்கே எல்லாம் சமமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கீழ்வெண்மணியை இப்போதுதான் சொன்னேன். ஆனாலும் தஞ்சாவூர் மிராசுதாருக்கு அரசாங்கத்தின் கதவைத் தட்டிக் கால்வாயைச் செப்பனிடக் கேட்கும் வலு இருந்தது. கமுதியின் கண்மாய் விவசாயிக்கு அது இல்லை.

அடுத்தது நிர்வாகம். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். மேல் கண்மாய் ஒரு துறை, அதன் கலுங்கு நீர் போய்ச் சேரும் கீழ்க் கண்மாய் இன்னொரு துறை, நடுவே உள்ள வரத்துக்கால் வருவாய்த் துறையின் புறம்போக்கு, உள்வாயில் சில இடங்களில் வனத்துறை நட்ட மரம். தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. ஆனால் நிதிக்குத் தெரியும். டெல்டாவில் வேளாண்மைத் துறை பேசுகிறது, ராமநாதபுரத்தில் ஊரக வளர்ச்சித் துறை பேசுகிறது. ஓரிடத்தில் விதை, கொள்முதல், பாசனம். மற்றோரிடத்தில் 1970களின் வறட்சிப் பகுதி மேம்பாட்டுத் திட்டம், பிறகு ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின் ஆட்டுக்குட்டிக் கடன், 2008 முதல் நூறு நாள் வேலை. இவற்றால் மக்கள் பட்டினியிலிருந்து தப்பினார்கள் என்பதை மறுக்கவே முடியாது. நூறு நாள் வேலை வந்த பிறகுதான் அந்த ஊர்களில் பெண்களின் கையில் சொந்தக் கூலி நின்றது. ஆனால் அந்த உழைப்பு கண்மாய்க்குள் போனபோது என்ன நடந்தது? மண் வெட்டுவதற்கு அனுமதி இருந்தது. மடைக்குக் கதவு போட, கலுங்கைச் சிமெண்டால் சீரமைக்கத் தேவையான பொருட்செலவு அதிலிருந்து எளிதில் கிடைக்கவில்லை. ஒரு கண்மாயின் உயிர் வரத்துக்காலிலும் மடையிலும் இருக்கிறது. உள்வாயில் குழி வெட்டி, வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் அந்தக் குழிக்கு நீர் வராது. 2017இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கியபோது 1,519 பணிகளை முதலில் எடுத்தார்கள். ஆயக்கட்டுதாரர்களையே பொறுப்பாக்கியது சரியான சிந்தனை. ஆனாலும் அது தனித்தனிக் கண்மாயாகவே போனது. சங்கிலியை யாரும் ஒரு திட்டமாக எடுக்கவில்லை. மடை திறந்து மூடி நீரைப் பங்கிட்டுத் தந்த நீர்ப்பாய்ச்சிகளும் பல ஊர்களில் இல்லாமல் போனார்கள். அவர்களுக்கு ஊர் கொடுத்து வந்த நெல் நின்றது, வேறு ஊதியம் யாரும் கொடுக்கவில்லை.

நம் அளவுகோலைப் பற்றியும் பேச வேண்டும். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்பது நல்ல ஆண்டின் கணக்கு. பஞ்சாப் அந்தக் கணக்கில் இன்றும் முன்னணியில் நிற்கிறது. அங்கே நிலத்தடியில் ஊறுவதைவிட உறிஞ்சுவது மிக அதிகம். ஜூன் 10க்கு முன் நாற்று நடக் கூடாது என்று 2009இல் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்த மண்ணில் நெல் முன்பு பெரிய பயிராக இருந்ததில்லை. உறுதியான கொள்முதலும் இலவச மின்சாரமும் சேர்ந்து அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தின. எந்தப் பயிருக்கு அரசு வாசலில் வந்து நிற்கிறதோ அந்தப் பயிரை விவசாயி போடுவார். தருமபுரியில் இதன் நல்ல பக்கத்தைப் பார்க்கலாம். 2023இல் அங்கேயும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசியின் ஒரு பங்குக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், விவசாயிகளிடம் நேரடியாக வாங்கவும் செய்தார்கள். அளவில் சிறிய முயற்சிதான். ஆனால் மானாவாரி நிலத்துக்கு நிவாரணம் கொடுக்காமல் சந்தை கொடுத்த முயற்சி. ராமநாதபுரத்தின் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. அதை விற்பவர் இன்னும் கமிஷன் மண்டியின் விலைக்குக் காத்திருக்கிறார்.

பயிர்க் காப்பீட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. காப்பீடு அன்று உதவியது. ஆனால் இழப்பீட்டுக்கான அடிப்படை விளைச்சல் கடந்த ஏழு ஆண்டு விளைச்சலிலிருந்து கணக்கிடப்படுகிறது. அடிக்கடி பொய்க்கும் ஊரில் அந்த அடிப்படையே தாழ்ந்து போகும். யாருக்குக் காப்பீடு அதிகம் தேவையோ அவருக்கு அது குறைந்த அளவில் கிடைக்கும்.

கடைசியாக இப்போதைய திட்டத்துக்கு வருகிறேன். 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுத்தவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: ராமநாதபுரமும் விருதுநகரும். அதே பாணியில், 2025இல் மத்திய அரசு தன்-தானிய கிருஷி திட்டத்தை அறிவித்திருக்கிறது. நாடு முழுவதும் 100 மாவட்டங்கள், 11 துறைகளின் 36 திட்டங்கள், ஆண்டுக்கு 24,000 கோடி ரூபாய், ஆறு ஆண்டுகள். தேர்வுக்கு மூன்று அளவுகோல்கள்: குறைந்த விளைச்சல், குறைந்த பயிர்ச் செறிவு, குறைந்த கடன் வழங்கல். 1960இல் வலுவான மாவட்டங்களைத் தேடிய அரசு இப்போது நலிந்த மாவட்டங்களைத் தேடுகிறது. இந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறேன்.

வரவேற்றுவிட்டு ஒரு கவலையையும் சொல்கிறேன். பயிர்ச் செறிவு என்பது ஒரே நிலத்தில் ஆண்டுக்கு எத்தனை போகம் என்ற கணக்கு. ஒரே பருவமழையை நம்பி, கீழே உப்புநீர் இருக்கும் மண்ணில் இரண்டாம் போகத்தை இலக்காக வைத்தால் அலுவலர்கள் ஆழ்துளைக் கிணற்றைத்தான் நாடுவார்கள். கடன் வழங்கலை இலக்காக வைத்தால், மழை உறுதியாகாத இடத்தில் கடன் மட்டும் உறுதியாகும். இந்த மாவட்டங்களின் முன்னேற்றத்தை அளக்க 117 குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். மாவட்டத் திட்டக் குழுவில் அமரப் போகும் அலுவலர்களிடமும் விவசாயிகளிடமும் நான் கேட்பது இதுதான். உங்கள் மாவட்டத்துக்கென மூன்று கணக்குகளை அதோடு சேர்த்து எழுதுங்கள். பத்து ஆண்டில் மிக மோசமான இரண்டு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு என்ன விளைந்தது, அது கூடுகிறதா? ஒவ்வொரு கண்மாய்ச் சங்கிலியிலும் எத்தனை மடைகள் திறந்து மூடும் நிலையில் உள்ளன, வரத்துக்கால் எத்தனை கிலோமீட்டர் நீர் ஓடும் நிலையில் உள்ளது? குத்தகைக்கு உழுபவர்களில் எத்தனை பேருடைய பெயர் பயிர்க் கடன் பதிவேட்டிலும் காப்பீட்டுப் பதிவேட்டிலும் ஏறியிருக்கிறது? நாற்பது ஹெக்டேர் எல்லைக்கோட்டை அழித்து, ஒரு சங்கிலிக்கு ஒரு பொறியாளர், ஒரு நிதிக் கணக்கு, ஒரு நீர்ப் பயனாளர் சங்கம் என்று வைக்க மாநில அரசின் ஓர் ஆணை போதும். நீர்ப்பாய்ச்சிக்கு மாத ஊதியம் கொடுக்க இன்னொரு ஆணை போதும். அடுத்த புரட்டாசிக்கு முன் குறைந்தது ஒரு சங்கிலியிலாவது இதைத் தொடங்க வேண்டும் என்று இந்த அவையின் வழியாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.